தொட்டாற்சிணுங்கிகள் மூடிய வழி

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். பட்டப்பகலில் என் கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறேன்.

என் பெயர் ரோஷன் பீவி. 1955-ல் மாமல்லபுரத்தில் பிரசவம் பார்க்கும் சர்க்கார் நர்ஸ். திருவிடந்தைப் பக்கம், கால்வாய்க்கு அப்பால் ஒரு ஒற்றை வீடு. அங்கே தனகோடி என்ற பெண்ணுக்கு இரண்டு நாளாக வலி. விடியும்போது ஆண் குழந்தை பிறந்தது. இருவரும் நலம். அவள் புருஷன் செங்கல்வராயன் தூளி கட்டிவிட்டு வயலுக்குப் போனான். உச்சி வெயிலில் நான் படகுத்துறைக்குக் கிளம்பினேன். கண்ணெல்லாம் எரிந்தது. எங்காவது விழுந்து தூங்கினால் போதும் என்றிருந்தது.

வழியில் ஒரு பள்ளம். மழை ஈரம் காயாத தரை முழுக்கத் தொட்டாற்சிணுங்கி. நடக்க முடியாமல் அங்கிருந்த புங்கமரத்தடியில் உட்கார்ந்தேன். பொழுது சாய்ந்தால் அந்த இலைகள் தானாக மூடும். பகலில் ஏதாவது பட்டால்தான் மூடும். அப்போது காற்றே இல்லை.

எதிர் ஓரத்தில் ஒரு செடி மூடியது. அதற்கடுத்தது... அதற்கும் அடுத்தது...

ஓணான் என்று நினைத்தேன். எழுந்து உற்றுப் பார்த்தேன். ஓணான் இல்லை. பாம்பும் இல்லை. ஆனால் இலைகள் மடங்கி மடங்கி என்னை நோக்கி வந்தன. சின்னக் கால்களால் யாரோ தத்தித் தத்தி வருவது போல. பின்னால் மூடியவை மெல்ல விரிந்துகொண்டிருந்தன.

என் காலருகே ஒரு செடியின் காம்பு துவண்டு தொங்கியது.

நின்றது.

பிறகு என்னைத் தாண்டிப் போனது... நான் வந்த வழியே. அந்த வீட்டுப் பக்கம்.

துறையிலிருந்து படகுக்காரன் கத்தினான். “வர்றவங்க வாங்கோ! படகு பொறப்படுது!” விட்டால் நாளைக்குத்தான் அடுத்த படகு.

பையைப் போட்டுவிட்டு வீட்டுக்கே ஓடினேன்.

தனகோடி அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். தூளி ஆடிக்கொண்டிருந்தது. கீச்... கீச்... ஆட்ட ஆளில்லை.

தூளித் துணி குழந்தையின் முகத்தைச் சுற்றியிருந்தது. உதடு நீலம். மூச்சில்லை.

வாயில் வாய் வைத்து ஊதினேன். முதுகைத் தேய்த்தேன். மறுபடி ஊதினேன்...

அழுதான்.

மாலையில் செங்கல்வராயன் வந்தான். பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தூளித் துணி சுற்றியதை மட்டும் சொன்னேன். பள்ளத்தில் பார்த்ததைச் சொல்லவில்லை.

அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

“இதுக்கு முன்ன ஒரு பொண்ணு பொறந்துச்சு நர்சம்மா. அன்னிக்கே தூளிலயே செத்துப் பூட்ச்சு. இதே மாதிரிதான்.”

“எங்கே புதைச்சீங்க?”

“அந்தப் புங்கமரத்துப் பள்ளத்துலதான்.” என் மடியிலிருந்த பிள்ளையின் பாதத்தைத் தொட்டுப் பார்த்தான். “உசுரோட இருந்திருந்தா இந்நேரம் நடக்க ஆரம்பிச்சிருக்கும்.”