வரைபடம் உருவாகவில்லை

என் கணவர் மௌத்தாகி மூன்றாவது வாரம் மிஸ்ஸிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. என் முதுகலை ஆய்வுக்கு மேற்பார்வையாளர் அவர். முதல் நான்கு வரிகள் ஆறுதல். ஐந்தாவது வரியில், நாலாம் அத்தியாயத்தில் நான் வடிவமைத்த கணினியின் படம் இல்லை, ஏலுமானபோது அனுப்புங்கள் என்று எழுதியிருந்தார்.

நான் அப்போது சாய்ந்தமருதில் எங்கள் வீட்டு உள்ளறையில், கணவரை இழந்தவள் இருக்கவேண்டிய இத்தாவில் இருந்தேன். நான்கு மாதமும் பத்து நாளும் வாசல் தாண்டுவதில்லை, அந்நிய ஆண்கள் முன்னால் வருவதில்லை. ஜன்னலுக்கு உம்மா ஒரு தடித்த படுக்கைவிரிப்பை ஆணியடித்திருந்தார். யாரும் என்னைப் பிடித்து அடைக்கவில்லை. நானும் நம்பித்தான் இருந்தேன். நம்பி இருந்தாலும் அறை அறைதான். காலையில் பெண்கள் வருவார்கள். கட்டிலில் பக்கத்தில் உட்கார்ந்து, கணவர் எப்படி விழுந்தார் என்று கேட்பார்கள். அவர் தன் கடையில் கல்லாவுக்குப் பின்னால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததைச் சொல்வேன். அவர்கள் போக அடுத்தவர் வருவார். மறுபடியும் சொல்வேன். எல்லாரும் போனதும் லெப்டொப்பைத் திறப்பேன்.

இல்லாத ஒரு கணினியை மென்பொருளால் கட்டி ஓட்டிப் பார்ப்பதுதான் என் ஆய்வு. அதன் நினைவகங்களை எப்படி அடுக்கினால் வேகம் கூடும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த சிமுலேட்டர் பல்கலைக்கழக லெப்பின் சேர்வரில் இருந்தது, வீட்டிலிருந்தே இணைப்பேன். ஒவ்வொரு ஓட்டத்தின் தொடக்கத்திலும் ஒரே வரி வரும்: எச்சரிக்கை, வரைபடம் உருவாகவில்லை, வரையும் லைப்ரரியை நிறுவுங்கள். எந்த உறுப்பு எதோடு இணைந்திருக்கிறது என்று சிமுலேட்டர் தானாக வரைந்து தரும் படம் அது. எச்சரிக்கைதானே, பிழை இல்லையே என்று ஒரு வருடமாக அந்த வரியைக் கண்டும் காணாமல் விட்டிருந்தேன்.

இப்போது அந்த லைப்ரரியை, அதாவது படம் வரைய உதவும் நிரல் தொகுப்பை, நிறுவினேன். முடிந்தது என்றது. ஓட்டினால் அதே எச்சரிக்கை. அழித்துவிட்டு மீண்டும் நிறுவினேன், அதே எச்சரிக்கை. இப்படியே மூன்று நாள் போனது. நாலாம் நாள்தான் சேர்வரில் பைதான் என்ற நிரல்மொழி இரண்டு இடங்களில் தனித்தனியாக இருப்பது தெரிந்தது. நான் நிறுவியது ஒன்றில். சிமுலேட்டர் பாவிப்பது மற்றதை. சரியானதில் நிறுவி ஓட்டியதும் எச்சரிக்கை மாறியது. படத்தை வெளியிட முடியவில்லை என்றது இப்போது. அந்த ஒரு வரி மாறியதற்கே அழுதேன். கணவர் போனபிறகு ஆட்கள் இல்லாத நேரத்தில் நான் அழுதது அதுதான் முதல்.

அந்த லைப்ரரி கூப்பிடுகிற, உண்மையில் படத்தை வரைகிற புரோகிராம் சேர்வரில் இல்லை. அதை நிறுவ எனக்கு அனுமதியும் இல்லை. லெப் பொறுப்பாளரைத்தான் கேட்கவேண்டும், அவர் பக்கத்து ஊரான காரைதீவுக்காரர்.

“லெப்புக்கு ஒரு கோல் எடுக்கணும் உம்மா.”

“ஆரோட?”

“பொறுப்பாளரோட.”

“ஆம்புளையா?”

“ஓம்.”

“இத்தாவில இரிந்துக்கிட்டு என்ன கதை மகள்? சனம் என்ன சொல்லும்?”

தேவைக்குக் கதைக்கலாம் என்பது எனக்குத் தெரியும், உம்மாவுக்கும் தெரியும். வாதாட எனக்குத் தெம்பில்லை. பக்கத்து வீட்டில் இருந்த என் ராத்தாதான் வந்து போனை வாங்கினார்.

“நீ சொல்லு, நான் சொல்றன்.”

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து போனைக் காதில் வைத்தார். “சேர், தங்கச்சிக்கு டொட் இல்லையாம்.” கொஞ்சம் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். “எந்த டொட்டாம்?”

“படம் வரையிற புரோகிராம். அதுட பேர்தான் டொட்.”

“படம் வரையிற டொட்டாம் சேர். ஆ... ஓம்... ஓம்.” போனைக் கையால் பொத்திக்கொண்டார். “அவரால ஏலாதாம். பாஸ்வேர்ட் வெச்சிருக்கிறவர் லீவாம். ஆனா ஒன்ட போல்டர்ல டொட் எண்டு முடியிற பைல் ஒண்டு இப்ப வந்திரிக்குமாம். அது வெறும் எழுத்துத்தானாம். அத ஒன்ட லெப்டொப்புக்கு எடுத்து, இஞ்ச வெச்சு வரையட்டாம்.” மறுபடி கேட்டார். ராத்தாவின் குரல் தணிந்தது. “மையத்து அடக்கத்துக்கு வரேலாமப் போச்சாம். மனசுக்குச் சரியான கவலையாம்.”

அன்று பின்னேரம் அஸர் தொழுதபிறகு படம் வந்தது. லெப்டொப்பில் புரோகிராமை நிறுவி, பைலைக் கொடுத்ததும் பெட்டிகளும் கோடுகளுமாக நான் கட்டிய கணினி. புரொசெசருக்குப் பக்கத்தில் இரண்டு சிறிய கேஷ்கள், அதாவது அடிக்கடி தேவைப்படுவதைக் கிட்ட வைத்திருக்கும் நினைவகங்கள். ஒன்று கட்டளைகளுக்கு, ஒன்று தரவுக்கு. இரண்டும் பெரிய கேஷ் ஒன்றுக்குள் போகவேண்டும். என் ஆய்வே அந்தப் பெரிய கேஷைப் பற்றியதுதான். கட்டளைக் கேஷின் கோடு அதற்குள் போனது. தரவுக் கேஷின் கோடு அதைத் தாண்டி நேரே பிரதான நினைவகத்துக்குப் போனது.

படம் பிழை என்றுதான் முதலில் நினைத்தேன். என் நிரலைத் திறந்து பார்த்தேன். ஒரு வரியில் ஒரு பெயர் மாறியிருந்தது. சிமுலேட்டருக்கு அது பிழையே இல்லை. சொன்னபடி இணைத்து ஓடியிருக்கிறது. ஒரு வருட முடிவுகள் அத்தனையும் நான் சொன்ன கணினியின் முடிவுகள் அல்ல. முதல் கிராப் வந்த அன்று என் கணவர் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து, ஒன்றும் விளங்காமலே, “வடிவா இரிக்கி” என்றார். அந்தக் கிராப்பும் பொய்.

எழுந்து எங்காவது நடக்கவேண்டும் போல் இருந்தது. ஐந்து எட்டில் சுவர் வந்தது. திரும்பினேன். மறுபடி ஐந்து எட்டு.

ராத்தா கதவடியில் நின்றார். “என்ன, படம் வரல்லயா?”

“வந்திச்சி. நான் செஞ்சதுதான் பிழை.”

“திருத்தேலாதா?”

“ஒரு வரிதான். ஆனா எல்லாத்தையும் திரும்ப ஓட்டணும். கிழமைக் கணக்கா எடுக்கும்.”

“அப்ப ஓட்டு. எங்க போகப் போறாய்?”

சொன்னபிறகுதான் அவருக்கு உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்தது, அவருக்கும் வந்தது. சத்தம் கேட்டு உம்மா ஓடிவந்து, வாசலில் ஆட்கள் இருக்கிறார்கள் என்று கையைக் காட்டினார்.

திருத்தி ஓட்டினேன். பெண்கள் வந்து போனார்கள், கடைக் கதையைச் சொன்னேன், இடையில் ஓட்டம் நூற்றுக்கு எத்தனை வீதம் முடிந்தது என்று பார்த்தேன். புதிய முடிவுகளில் வேகம் முன்பு காட்டியதில் பாதிகூட ஏறவில்லை. அதையே எழுதினேன். முந்திய முடிவுகள் இணைப்புப் பிழையால் நீக்கப்பட்டன என்று ஒரு வசனமும் சேர்த்து, வரைவை மிஸ்ஸுக்கு அனுப்பினேன்.

அந்த வசனம் தேவையில்லை, யாருக்கும் தெரியப்போவதில்லை என்று மிஸ் பதில் போட்டார். நான் அதை நீக்கவில்லை. அந்த வசனத்தோடேயே அத்தியாயத்தை முடிவாக அனுப்பிய அன்று இத்தா முடிய இன்னும் முப்பத்தாறு நாள் இருந்தது.