ராய்க்காகப் போடாத புகார்

மொரீன் ஹாக்ஸ்பிக்கு ஐம்பத்தொன்பது வயது. அதில் இருபத்திரண்டு வருஷம் கிரிம்ஸ்பியில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் உருளைக்கிழங்கு மசித்தே கழிந்துவிட்டது. சாயங்காலம் வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றினால் மறுபடி எழுந்திருக்க உடம்பு வணங்காது. அப்படி ஓய்ந்துபோய் உட்கார்ந்திருந்த ஒரு நாளில்தான் பாலிசி முதிர்ந்துவிட்டதாகக் கடிதம் வந்தது.

1986-ல் இந்த வீட்டை வாங்க முப்பத்திரண்டாயிரம் பவுண்டு கடன். இத்தனை வருஷம் வங்கிக்குப் போனதெல்லாம் வட்டி மட்டும்தான். அசலை அடைக்கத் தனியாக ஒரு பாலிசி, அதற்கும் மாதாமாதம் கட்டினார்கள். இருபத்தைந்து வருஷத்தில் அது முதிர்ந்து மொத்தக் கடனையும் அடைக்கும், மிச்சத்தில் விடுமுறைக்குப் போய்த் தங்க ஒரு கேரவன் வண்டிகூட வாங்கலாம் என்று ஆசை காட்டி விற்றவன், அப்போது இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்த்த ராய் ட்ரான்டர். அவள் கணவன் கிளிஃபுக்குக் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்றவன். பந்து உருட்டும் கிளப்பில் இன்றைக்கும் இருவரும்தான் ஜோடி.

கேரவனாவது ஒன்றாவது. கடிதத்தில் இறுதி போனஸ் என்ற இடத்தில் வெறும் கோடு போட்டிருந்தது. வந்தது இருபத்தோராயிரத்து முந்நூறு. மீதியைக் கட்ட வங்கி ஆறு மாதம் தவணை கொடுத்தது. முதுகு போய் லாரி ஓட்டுவதை விட்டுவிட்ட கிளிஃபுக்குப் புதுக் கடன் யார் தருவார்கள்? வீட்டை விற்பதைத் தவிர வழியில்லை.

இது திடீரென்று வந்த இடியும் இல்லை. எட்டு வருஷத்துக்கு முன்பே, பணம் போதாமல் போகும் என்று சிவப்பு எழுத்தில் கடிதம் வந்தது. தெருவில் இதே மாதிரி பாலிசி எடுத்தவர்களில் பாதிப் பேர், பொய் சொல்லி விற்றார்கள் என்று புகார் எழுதி நஷ்டஈடு வாங்கினார்கள். கிளிஃப் மட்டும் பேனாவைத் தொடவில்லை.

“ராய் மேல நான் எழுதிக் கொடுக்கறதா? அப்புறம் அவன் மூஞ்சில எப்படி முழிப்பேன்?”

புகார் போட மூன்று வருஷம் கெடு. அது ஓடியே போயிற்று.

சனிக்கிழமை கிளப்பில் ராய் கோப்பை கழுவிக்கொண்டிருந்தான். மொரீனுக்கு வாய் பொறுக்கவில்லை. பணம் போதாமல் வீட்டை விற்கப்போகிற விஷயத்தைக் கொட்டிவிட்டாள்.

“என்ன மொரீன் சொல்ற? நீங்க அப்பவே புகார் போட்டிருப்பீங்கன்னுல்ல நெனச்சேன்.”

“உன் மேலயா?”

“என் மேல எங்க? கம்பெனி மேலதான். நஷ்டஈடு குடுத்ததும் கம்பெனிதான், எங்கிட்ட ஒத்தப் பென்னி பிடிக்கல. எனக்கும் இதே பாலிசிதானே, என் தலைல கட்டினது எங்க மேனேஜர். நானே புகார் எழுதிப்போட்டு நஷ்டஈடு வாங்கினேன். அந்த வருஷம் கிறிஸ்மஸுக்கு அந்த மனுஷன் வாழ்த்து அட்டைகூட அனுப்புனாரு.”

“இத நீ கிளிஃப் கிட்ட சொல்லவே இல்லையே ராய்.”

“அவன் கேக்கவே இல்லையே.”

கழுவி வைத்த கோப்பையை எடுத்து அவன் மண்டையில் போடலாம் போல இருந்தது. அதற்குக்கூடத் தெம்பில்லை. பேருந்து பிடித்து வீட்டுக்கு வந்தாள்.

கிளிஃப் அட்டைப்பெட்டியில் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தான்.

“ராய் கிட்ட எதாவது பேசினியா?”

“டீ குடிச்சேன்.”

“வீடு விக்கிறது அவனுக்குத் தெரிய வேணாம், மொரீன். தன்னாலதான்னு நெனச்சு உடைஞ்சு போயிடுவான்.” பெட்டியின் மேல் கை வைத்தபடி நிமிர்ந்தான். “வீடு போனாப் போவுது. கூட இருந்தவன் சோத்துல நான் மண்ணப் போடல. அந்தத் திருப்தி இருக்கு எனக்கு. உனக்கு இல்லையா?”

ராய் சொன்னதெல்லாம் அவள் நாக்கு நுனியில் நின்றது. வீடு கடனுக்குப் போய்விடும். இந்த மனுஷனிடம் மிஞ்சியிருப்பது இது ஒன்றுதான். இதையும் தன் வாயாலேயே பிடுங்க அவளுக்கு மனசு வரவில்லை.

“இருக்கு கிளிஃப்,” என்றாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசியிருந்தால் அழுதிருப்பாள்.