நான் அழித்த கட்டம்

போன வாரம் அலமாரியை ஒழிக்கும்போது பழைய டேட்டாபேஸ் புத்தகத்திலிருந்து ஒரு தோல் துண்டு விழுந்தது. பின்பக்கம் பேனாவால் இரண்டு எண்கள்: 22, 20. முகர்ந்து பார்த்தேன். வாசனை போய்விட்டிருந்தது. தோல் ஆலைகள் நிறைந்த ஆம்பூருக்குள் பஸ் நுழையும்போதே மூக்கைப் பொத்திக்கொண்டவன்தான் நான்.

அப்போது அங்கே ஒரு கல்லூரியில் மாலை வகுப்பு எடுத்தேன். பாதிப் பாடம் டேட்டாபேஸ் விதிகள். மீதி, கம்பெனியில் வேலை எப்படி நடக்கிறது என்று விசாரித்து அறிவது. விதிகளை மூன்று மாதம் நடத்தினேன். விசாரிக்க ஒரு நாள் ஒதுக்கினேன், அன்று மழை.

என் மாணவி வளர்மதி பகலில் ஒரு தோல் ஆலை ஆபீசில் வேலை பார்த்தாள். அந்த ஆலையின் சரக்கிருப்புதான் அவள் ப்ராஜெக்ட். ஒவ்வொரு தோலின் அளவுக்கும் இரண்டு கட்டம் போட்டிருந்தாள். ஒரே தகவல் இரண்டு இடத்தில் இருக்கலாகாது என்று ஒன்றை அழித்தேன்.

"காஞ்சா தோலு சுருங்கும் சார்."

"அது தோலோட பிரச்சினைம்மா."

மதிப்பெண் என் கையில் இருந்தது. நோட்டை மூடிக்கொண்டு போனாள்.

ப்ராஜெக்டை ஆலையில் போட்டுக் காட்டிய நாளில், அந்த மாதம்தான் பொறுப்பேற்றிருந்த சின்ன முதலாளி வந்து உட்கார்ந்தார். குடோனில் காலையில் அளந்ததைவிடத் திரையில் இருப்பு அதிகம். வித்தியாசமெல்லாம் சிவப்பில் தெரிந்தது. சிவப்பு என் யோசனை.

அவர் குடோன் பொறுப்பாளர் கரீம் பாயைப் பார்த்தார். "இன்னா பாய், எல்லாமே கம்மியா கீது?"

சின்ன முதலாளி பிறப்பதற்கு முன்பே அங்கே வேலைக்குச் சேர்ந்தவர் பாய். இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. தண்ணீர் குடித்தேன். காலி டம்ளரை மறுபடியும் குடித்தேன்.

வளர்மதி என்னைப் பார்த்தாள். பிறகு அவர் பக்கம் திரும்பினாள்.

"பாய் எடுக்கல சார். ஈரத்துல அளந்தது கம்ப்யூட்டர்ல கீது, காஞ்சது குடோன்ல கீது. நான் ரெண்டும்தான் போட்டிருந்தேன். எங்க சார் ஒண்ண அழிச்சிட்டாரு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தலையசைத்தேன். என் ஆசிரியர் வாழ்க்கையில் நான் நிகழ்த்திய மிக நேர்மையான சொற்பொழிவு அதுதான்.

பாய் சாவியை எடுத்துச் செருகிக்கொண்டார். கிளம்பும்போது ஒரு தோலின் ஓரத்தை வெட்டி, எண்களை எழுதி நீட்டினார். "வச்சுக்க வாத்தியாரே. ஈரம் ஒண்ணு, காஞ்சது ஒண்ணு."

வளர்மதிக்கு முழு மதிப்பெண் போட்டேன். வேறு எதைப் போட முடியும்?

அந்த ஆலை இப்போது கல்யாண மண்டபம்; வாசலில் பன்னீர் மணக்கிறது. நான் இன்னும் அதே பாடம்தான் எடுக்கிறேன். நேற்று வகுப்பில் அதே தோல் கணக்கைப் போட்டு, வேண்டுமென்றே அந்தக் கட்டத்தை அழித்துவிட்டு, ஒரு கை உயருமா என்று காத்திருந்தேன்.

அறுபது பேரும் தங்கள் நோட்டிலும் அதை அமைதியாக அழித்துவிட்டார்கள்.