மூன்றாம் அணிக்குக் கதிரை

ஈலிங் பேருந்தின் மேல்தட்டில்தான் யோசனை உதித்தது: அமெரிக்காவை இரண்டாகப் பிளந்து போருக்கு இழுத்த அடிமைமுறைச் சண்டையை ஹவுன்ஸ்லோவில் எங்கள் தமிழ்ச் சங்க மண்டபத்தில் பட்டிமன்றமாக்கினால் என்ன? வடக்குக்கு மூன்று பேர், தெற்குக்கு மூன்று பேர், நடுவராக, வேறு யார், நான். அந்த உற்சாகத்தில் இறங்க வேண்டிய நிறுத்தத்தையே விட்டுவிட்டேன்.

மண்டபத்தைப் பார்த்துக்கொள்பவர் ஒல்லியான மனிதர், கம்பளித் தொப்பியைக் கழற்றவே மாட்டார். ஒவ்வொரு கதிரையையும் உள்ளங்கையால் அழுத்தி, ஆடவில்லை என்று கண்ட பிறகே போடுவார். பட்டிமன்றத்தன்று ஆறு கதிரைகளையும் எனக்கொன்றையும் போட்டுவிட்டு நின்றார்.

“தங்கச்சி, அடிமையளுக்கு எத்தினை கதிரை போடுறது?”

“அவையளுக்காகத்தானே அண்ணை வடக்கு கதைக்கப்போகுது,” என்றேன், அப்போதே தீர்ப்புக் குரலில்.

“ஓம், ஓம். ஊரிலை நடந்த எங்கடை சண்டையிலையும் எங்களுக்காகக் கனபேர் கதைச்சவை. எங்களை ஒருத்தரும் கேக்கேல்லை.”

சிரித்துவிட்டுப் போய்விட்டார். நான் நாற்பது நிமிடம் தீர்ப்புச் சொன்னேன். பலத்த கைதட்டல். அந்தப் பட்டிமன்றத்தில் ஓர் அடிமைகூட வாய் திறக்கவில்லை என்பது வீட்டுக்குப் போகும் வழியில்தான் உறைத்தது.

அடுத்த மாதம் மறுபடி நடத்தப்போகிறேன். தப்பி ஓடிய அடிமைகள் சொல்லிவைத்தவற்றைப் படித்து மூன்றாம் அணியொன்று பேசும். நடுவர் கதிரையில் மண்டபத்து அண்ணையை உட்காரச் சொல்லிக் கேட்கப்போகிறேன். முதலில் அதை அழுத்திப் பார்ப்பார். போன முறை ஆடியது கதிரை அல்ல, என் தீர்ப்பு என்று சொல்லிவிட வேண்டும்.