பிள்ளைகளின் கம்ப்யூட்டருக்குப் பூட்டு போடுபவள்

எங்கள் தொழிலில் கெட்டுப்போன மெஷினைச் சரிசெய்துவிடலாம். பிள்ளை கையில் மெஷினைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கும் பெற்றோரைச் சரிசெய்வதுதான் பெரும்பாடு. ஊர்ப் பள்ளியில் பன்னிரண்டாவது முடித்து, ஒரு கோர்ஸ் படித்து, குடவாசலில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் வேலை பார்க்கிறவள் நான். வீடு வீடாகப் போய்ப் பிள்ளைக்குத் தனி அக்கவுண்ட், வேண்டாத சைட்டுக்குத் தடை, நேரக் கட்டுப்பாடு எல்லாம் போட்டுக் கொடுப்பேன். முன்பின் தெரியாத எவனும் பிள்ளையிடம் பேச்சுக் கொடுக்கக் கூடாது, அவ்வளவுதான். பிள்ளை வளர்க்கிறவர்களே, அந்த 'அவ்வளவுதான்' படுத்தும் பாடு உங்களுக்குத் தெரியாததா?

காலண்டர் அட்டை

டிராக்டர் வைத்திருக்கும் செல்வராஜ் அண்ணன் வீட்டில் எல்லாம் போட்டுவிட்டு, "பாஸ்வேர்டு பாப்பாவுக்குத் தெரியவே கூடாதுண்ணே" என்று படித்துப் படித்துச் சொல்லி வந்தேன். நாலே நாளில் போன். "நீ போட்ட பூட்டு தானா தொறந்துக்குதும்மா." அந்த நேரம் பார்த்து, ஐந்தாவது படிக்கும் என் மகள் யாழினி, "அம்மா, ஒண்ணு கேக்கணும்" என்று துப்பட்டாவை இழுத்தாள். "இரு பாப்பா, கஸ்டமர்" என்று வண்டியைக் கிளப்பினேன்.

போய்ப் பார்த்தால் தூக்கிவாரிப் போட்டது. கம்ப்யூட்டருக்கு நேர் மேலே தொங்கும் தினசரி காலண்டர் அட்டையில், கொட்டை எழுத்தில் பாஸ்வேர்டு! அதற்கு மேலே சிலிண்டர் மாற்றிய தேதி, கீழே அறுப்பு மிஷின்காரர் நம்பர். "என்னண்ணே இது?" என்றேன். அவருக்கு என்மேல்தான் வருத்தம். "முக்கியமானதெல்லாம் அங்கதானம்மா எழுதுவோம்? உன் நம்பரும் அங்கதான் இருக்கு, பாரு."

கூடம் எங்கே?

"அறைக்குள்ள வைக்காதீங்க, நாலு பேர் நடக்குற கூடத்துல வைங்க" என்று எல்லா வீட்டிலும் சொல்வேன். நீடாமங்கலம் பக்கத்தில் ஸ்டெல்லா அக்கா அப்படியே வைத்தார். செல்வராஜ் அண்ணன் வீட்டுக்குப் போய்வந்த மறுநாள் அக்கா வீட்டுக்கு சர்வீஸுக்குப் போனால், கூடத்தில் கம்ப்யூட்டரைக் காணோம். உத்தரம் வரை நெல் மூட்டை! சம்பா அறுத்து, அரசுக் கொள்முதல் நிலையத்தில் இன்னும் முறை வராததால், மழைக்குப் பயந்து உள்ளே அடுக்கிவிட்டார்கள். மூட்டைகளுக்கு நடுவே ஓர் ஆள் நுழையும் சந்து. அதன் கோடியில், கோட்டைக்குள் ராணி மாதிரி அவர் மகள். வாசலில் நுழையும்போதே யாழினி போன் செய்தாள். "இரு பாப்பா, கஸ்டமர்" என்று வைத்துவிட்டேன்.

சந்துக்குள் நுழைந்து ஸ்கிரீனைப் பார்த்தேன். புதிதாக இறக்கிய விளையாட்டுக்குள் யாரோ ஒருவன் கேட்டிருந்தான்: 'வீட்டில் இப்போது யார் இருக்கிறார்கள்?' அவனை பிளாக் செய்துவிட்டு, வெளியே வந்து அக்காவிடம் சொன்னேன். அக்கா மூட்டைகளையே வெறித்துப் பார்த்தார். "நீ சொன்னபடி கூடத்துலதான்டி வச்சேன்! கூடம் எங்க போச்சுன்னு நான் பாக்கலையே!"

எங்கள் வீடு

அன்று வீடு வந்ததும் முதல் வேலையாக எங்கள் கம்ப்யூட்டரைத் திறந்தேன். பாஸ்வேர்டே கேட்கவில்லை. எப்படிக் கேட்கும்? நான் போட்டால்தானே! ஊருக்கெல்லாம் பூட்டு போடுகிறவள் வீட்டுக்கு எவன் வரப்போகிறான் என்ற தைரியம். யாழினியின் விளையாட்டில், முந்தின நாளிலிருந்து யாரோ ஓர் 'அக்கா': 'யூனிஃபார்மில் ஒரு போட்டோ அனுப்பு, அம்மாவிடம் சொல்லாதே.' கீழே என் மகளின் பதில், இரண்டு நாளும் ஒன்றேதான்: 'அம்மாவைக் கேட்டுட்டுச் சொல்றேன்.'

அதைப் படமெடுத்து வைத்துக்கொண்டு, ஆளை பிளாக் செய்து, புகார் அனுப்பிய பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. அவளைக் கட்டிக்கொண்டு, "ஏன்டி என்கிட்ட கேக்கல?" என்று அழுதேன். அவள் என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். "நேத்தும் கேட்டேன், இன்னிக்கும் போன் பண்ணேன். நீதானேம்மா 'இரு பாப்பா, கஸ்டமர்'னு சொன்ன?"

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கும் இப்போது பாஸ்வேர்டு போட்டாகிவிட்டது, ஆனால் சாயங்காலம் ஆறு மணியானால் முதலில் பூட்டு விழுவது என் போனுக்குத்தான்.