பொட்டு வைத்த இயந்திரம்

நாகமலை புதுக்கோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே இசைவாணிக்கு மனசு சரியில்லை. ஊருக்கெல்லாம் ஆயுத பூஜை விடுமுறை. அவளுடைய தேய்மானச் சோதனைக்குக் கிடையாது. கரும்பு வெட்டும் இயந்திரத்துக்குக் கத்தி செய்கிற கம்பெனிக்காரர்கள் மறுநாள் வருகிறார்கள். ஒத்தக்கடைப் பட்டறையில் கொல்லர் காசிமாயன் அரிவாளைக் காய்ச்சித் தோய்க்கும் பக்குவம் அந்தக் கத்திக்கும் ஒத்துவரும் என்று அவள் நிரூபித்தால் அவளுடைய ஆய்வக வேலை நிரந்தரம். இல்லையென்றால் ஆராய்ச்சியே முடிந்தது. வயல் கூலிக்குப் போய்ப் படிக்கவைத்த அம்மாவிடம் "நிரந்தரமாயிரும்மா" என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போயிருந்தது.

ஆய்வகத்தில் சத்தமே இல்லை. உருக்கை இரவுபகலாகத் தேய்த்துப் பார்க்கும் இயந்திரம் நின்றிருந்தது. உச்சியில் எலுமிச்சம்பழம், நெற்றியில் சந்தனம், குங்குமம். உள்ளே தேய்க்கும் தட்டில் அழுந்தியிருந்த காசிமாயனின் உருக்குத் துண்டுக்கும் தனியாக ஒரு பொட்டு.

"ஐயோ, யாரு இத நிறுத்துனது?"

ஆய்வகத்தைக் கூட்டிப் பெருக்கும் சோலையம்மாள் பொரிப் பொட்டலத்தோடு வந்தாள். "நாந்தான் தாயி. நேத்துச் சாயங்காலம் எல்லாத்துக்கும் பொட்டு வச்சோம். இது மட்டும் சுத்திக்கிட்டே கெடக்கு. ஓடுறதுக்கு எப்புடிப் பொட்டு வைக்கிறது? அதான் அமத்துனேன். இந்தா, பொரி தின்னு."

"விடிய விடிய ஓடணும், நடுவுல நிறுத்தவே கூடாதுக்கா! இதுல சந்தனம் வேற. இனி இந்தத் துண்டு எதுக்கும் ஆகாது."

"சாமிக்கு வச்ச சந்தனம், அது என்ன செய்யும்?"

காசிமாயனுக்குப் போன் போட்டாள். "அண்ணே, ஒரே ஒரு துண்டு. இன்னைக்கே அடிச்சுத் தாங்க."

"இன்னைக்கா? சம்மட்டிக்குப் பூசை போட்டுப் படுக்க வச்சாச்சும்மா. நாளைக்கு எம்புட்டு வேணும்னாலும் அடிச்சுத் தாரேன்."

"நாளைக்கு அவங்களே வந்துருவாங்கண்ணே."

"வரட்டும், பட்டறைக்குக் கூட்டியா. கண்ணால பாத்துட்டுப் போகட்டும்."

"அவங்க கண்ண நம்ப மாட்டாங்கண்ணே, ரிப்போர்ட்டத்தான் நம்புவாங்க."

கடைசியில் கம்பெனி மேனேஜர் முகேஷைக் கூப்பிட்டாள். அந்தப் பக்கம் மணிச்சத்தம். "பூஜைல இருக்கோம் மேடம். மெஷினெல்லாம் ஆஃப். சொல்லுங்க."

அவளுக்கு உயிர் வந்தது. "எங்க லேப்லயும் அதேதான் சார் ஆச்சு. ஒரு வாரம் தள்ளிக்கலாமா?"

முகேஷ் சிரித்தான். "ஃபேக்டரி நிக்கும் மேடம், டெட்லைன் நிக்காது. ரிப்போர்ட் இல்லேன்னா நாங்க வரல."

போனை வைத்துவிட்டுச் சந்தனத்தைத் துடைக்கப் போனாள். கை பாதியில் நின்றது. பள்ளிக்கூடக் காலத்திலிருந்து இந்த ஒரு நாள் புத்தகத்தைக்கூடத் தொடாத கை.

"நாளைக்குத் தொடச்சுக்கலாம் தாயி."

"நாளைக்கு எனக்கு இங்க என்னக்கா வேலை?"

எலுமிச்சம்பழத்தை எடுத்து ஜன்னலுக்கு வெளியே வீசக் கையை ஓங்கினாள். வீச மனம் வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அதைப் பையில் போட்டுக்கொண்டாள்.