தங்கமணி அத்தையின் எதிர்ச்சுற்று

எஞ்சின் ஒருமுறை இருமியது. கார்புரேட்டர் வழியாக 'டப்' என்று ஒரு வெடி, கொஞ்சம் புகை. கொட்டகையில் மேய்ந்துகொண்டிருந்த கோழிகள் சிதறி ஓடின. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. நான் சாவியை விட்டேன்.

"ஊரெல்லாம் சுத்திட்டு வந்தவ, ஒரு சாவியச் சுத்தத் தெரியல பாரு" என்றார் பஞ்சநதம் மாமா, சக்கர நாற்காலியில் இருந்தபடியே.

"அவளச் சொல்லாதீங்க. வண்டிதான் சண்டி பண்ணுது" என்றாள் தங்கமணி அத்தை, பானெட்டுக்குள்ளிருந்து தலையை எடுக்காமல்.

அத்தை என் அப்பாவின் தங்கை. திருவையாற்றுக்கு அருகே குடமுருட்டிக் கரையோரம் அவர்கள் ஊர். நான் பல நாடுகள் அலைந்துவிட்டு, அடுத்து எங்கே என்று தெரியாமல் அங்கே போய்த் தங்கியிருந்தேன். குறுவை கதிர் விடத் தொடங்கியிருந்த ஆவணி மாதம்.

சில வருடங்களுக்கு முன் அறுவடை இயந்திரத்தை வயலில் இறக்கும்போது வரப்பு சரிந்து மாமா கீழே விழுந்தார். முதுகெலும்பில் அடி. கால்கள் போய்விட்டன. அதிலிருந்து நிலத்தையும், தண்ணீர் இறைக்கும் டீசல் எஞ்சினையும் அத்தைதான் பார்த்துக்கொண்டாள். ஒரு கோடையில் நாற்று காயும் நேரத்தில் எஞ்சின் நின்றுபோக, மெக்கானிக் நாளைக்கு நாளைக்கு என்று இழுக்க, அத்தை அதைத் தானே பிரித்தாள். பிரித்த வரிசையிலேயே சாமான்களைக் கோலத்தின் புள்ளிகள் மாதிரி சாக்கில் பரப்பிவைத்து, அதே வரிசையில் திரும்பப் பூட்டினாள். ஓடியது. அந்த ருசி விடவில்லை.

மாமா வீட்டை விட்டுக் கிளம்புவதுதான் பெரும்பாடு. எந்தக் காரானாலும் நாலு பேர் தூக்கி உள்ளே வைக்க வேண்டும். கும்பகோணத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, தூக்கியவர்களில் ஒருவன், நெல் மூட்டையே தேவலாம் என்றான். மாமாவும் சேர்ந்து சிரித்தார். அதன்பிறகு அவர் எங்குமே போகவில்லை.

வருகிற திங்கட்கிழமை அவருக்கு அறுபது. திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணத்துக்கு ஏற்பாடாகியிருந்தது. சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த அவர் தம்பி ராம்கி, தஞ்சாவூரில் மாமியார் வீட்டில் தங்கிக்கொண்டு, ஏசி வேன் பேசிவிட்டதாகப் போனில் சொன்னார். நாலு பேர் தூக்கி உட்கார வைத்தால் ஆச்சு என்றாராம்.

"தூக்கித்தான் கொண்டுபோவணும்னா அதுக்குன்னு ஒரு நாள் தானா வரும். அன்னிக்குத் தூக்கிக்கிங்க" என்று மாமா போனை வைத்துவிட்டார். அத்தை சொந்தமாகக் கட்டும் வண்டி ஓடினால் வருவார். இல்லையென்றால் தாலி கட்டப் போவதில்லை. அதில் மாற்றமில்லை.

அந்த வண்டி ஒரு பழைய ட்ரெக்கர் ஜீப். பின் இருக்கைகளைக் கழற்றி, நாற்காலி உருண்டு ஏற ஒரு சரிவுப் பலகையும், அது நகராமலிருக்கக் கொக்கிகளும் வைத்து, அந்த மாற்றத்துக்கு அனுமதியும் வாங்கியிருந்தாள். எஞ்சின்தான் அவளுடைய சொந்தப் படைப்பு. செத்துப்போன இரண்டு அம்பாசடர் பெட்ரோல் எஞ்சின்களை வாங்கி, ஒன்றின் அடிப்பாகத்தையும் மற்றதன் தலையையும் சேர்த்து ஒன்றாக்கியிருந்தாள். மாமா போனில் வீடியோ பார்த்துப் பார்த்துச் சொல்ல, அவள் பூட்டினாள். சண்டையும் நடந்திருக்கிறது. ஒருமுறை ஸ்பானரைத் தூக்கிக் குளத்தில் போட்டுவிட்டு, மறுநாள் அவளே இறங்கித் தேடினாளாம்.

வெள்ளிக்கிழமை முழுக்க வண்டி இருமியதே தவிர ஓடவில்லை. நாகூரில் ஏதோ நிக்காஹுக்குப் போயிருந்த மெக்கானிக் ஜெய்னுலாபுதீனை அத்தை போனில் பிடித்தாள். பெட்ரோல் வருதா என்று கேட்டார். வந்தது. பிளக்கில் கரண்ட் வருதா என்று கேட்டார். கழற்றிப் பார்த்தோம், நாலிலும் நீலப்பொறி பளிச்சென்று விழுந்தது. அப்படியென்றால் டைமிங், டிஸ்ட்ரிபியூட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிப் பாருங்கள், செவ்வாய்க்கிழமை வந்துவிடுகிறேன் என்றார். எந்த சிலிண்டருக்கு எப்போது பொறி போகவேண்டும் என்று பிரித்துக் கொடுக்கிற உருளைதான் டிஸ்ட்ரிபியூட்டர். தலையில் ஒரு மூடி, அதற்குள் சுற்றிச் சுற்றிப் பொறியைக் கொடுக்கும் ரோட்டர், மூடியிலிருந்து நாலு ஒயர்கள். அத்தை அது முதலில் இருந்த இடத்தில் நகப்பூச்சால் கோடு போட்டுக்கொண்டு, அப்படியும் இப்படியும் திருப்பினாள். இருமலின் சத்தம்தான் மாறியது.

சனிக்கிழமை சாயங்காலம், "செவ்வாய்க்கெழம ஓடி என்ன பிரயோசனம்?" என்று கையைத் துடைத்துவிட்டு, எள் விளக்குப் போடக் கோயிலுக்குக் கிளம்பினாள். எண்ணெய்க் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். மாமா போனை எடுத்துத் தம்பிக்கு நான் வரவில்லை என்று சொல்லிவிடுவாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

விளக்கேற்றிவிட்டு அத்தை நவக்கிரகங்களைச் சுற்ற ஆரம்பித்தாள். பின்னாலேயே நானும் சுற்றினேன். ஒயர் பற்றியும் பெட்ரோல் பற்றியும் முணுமுணுத்துக்கொண்டே நடந்தாள். சாமி பேர் ஒன்றும் என் காதில் விழவில்லை. ஏழு சுற்று முடிந்ததும் சடாரென்று திரும்பி என்மேல் மோதினாள்.

"என்னத்தை?"

"ஏழு வலமாச் சுத்துனா, ராகுவுக்கும் கேதுவுக்கும் ரெண்டு இடமாச் சுத்தணும்டி. அவங்க போற வழி எதிர்வழி. இதுகூடத் தெரியாம எந்த ஊர்லடி இருந்த?"

சொல்லிவிட்டு இரண்டு அடி வைத்தவள் நின்றாள். சுட்டுவிரலை நீட்டிக் காற்றில் ஒரு வட்டம் போட்டாள். அப்புறம் எதிர்ப்பக்கமாக ஒரு வட்டம்.

"வானதி, அந்த மூடிக்குள்ள ரோட்டர் இருக்குல்ல, அது எந்தப் பக்கமாச் சுத்துது?"

"பாக்கலியே."

"நானும் பாக்கலடி."

ராகுவையும் கேதுவையும் ஏறிட்டுப் பார்த்து, "செத்த இருங்க, வந்துடறேன்" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அப்புறம் செருப்பைக்கூட மாட்டாமல் நடந்தாள். நான் இரண்டு ஜோடியையும் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன்.

வழியிலேயே சொல்லிவிட்டாள். ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு என்ற வரிசையில் பொறி போகவேண்டும் என்று வீடியோவில் சொன்னார்கள். மாமா அதை மந்திரம் மாதிரி வாசித்தார். அத்தை மஞ்சள் குங்குமம் வைத்து, அதே வரிசையில் ஒயர்களை மூடியில் சுற்றிவரச் சொருகினாள், வலமாக. எந்தப் பக்கமாக என்று இருவருமே யோசிக்கவில்லை. சுற்று என்றால் வலம்தானே. அவளுக்குப் பழக்கமான டீசல் எஞ்சினில் பொறியும் கிடையாது, இந்த மூடியும் கிடையாது.

கொட்டகையில் மாமா போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அத்தை மூடியைக் கழற்றி, "சுத்துடி" என்றாள். நான் சாவியைத் திருப்ப, உள்ளேயிருந்த ரோட்டர் நிதானமாக, யாருக்கும் பயப்படாமல், இடப்பக்கமாகச் சுற்றியது.

மாமா நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தார். "அட, ராகு கேது வண்டியா இது" என்றார்.

மூடியில் ஒன்றும் நாலும் எதிரெதிரே இருந்தன. எந்தப் பக்கம் சுற்றினாலும் அவற்றின் முறை தப்பாது. மூன்றும் இரண்டும்தான் ஒன்றின் பொறியை ஒன்று வாங்கிக்கொண்டிருந்தன. பாதி எஞ்சின் ஓட முயல, மறுபாதி அதைப் பிடித்துத் தள்ளியிருக்கிறது. அத்தை அந்த இரண்டு ஒயர்களையும் இடம் மாற்றினாள். உருளையை நகப்பூச்சுக் கோட்டுக்குத் திருப்பி இறுக்கினாள். மூடியை மாட்டிவிட்டு என்னைப் பார்த்துத் தலையசைத்தாள்.

முதல் தடவை செல்ஃப் மோட்டார் மட்டும் இழுத்தது. இரண்டாவது தடவை எஞ்சின் பிடித்தது. ஒழுங்காக ஒன்றும் இல்லை, கரடுமுரடாக, உடம்பெல்லாம் உதறிக்கொண்டு. ஆனால் நிற்கவில்லை. அத்தை ஒரு கையைப் பானெட்டின்மேல் வைத்துக்கொண்டு, காய்ச்சல்காரப் பிள்ளையைப் பார்ப்பது மாதிரி பார்த்தாள்.

"பலகையப் போடு" என்றார் மாமா.

நான் பிடிக்கப் போனேன். அத்தை என் கையைத் தட்டிவிட்டாள். மாமா சக்கரங்களைத் தள்ளிப் பாதிப் பலகையில் திணறி நின்று, மூச்சு வாங்கி, மறுபடி தள்ளி, தானே உள்ளே ஏறினார். கொக்கிகளையும் தானே மாட்டிக்கொண்டார்.

கோயில் வாசலில் கொண்டுபோய் நிறுத்தியபோது அத்தை எஞ்சினை அணைக்கவில்லை. அணைத்தால் மறுபடி பிடிக்குமோ என்னவோ. ஓடுகிற வண்டியில் எங்களை விட்டுவிட்டு, பாக்கி வைத்த இரண்டு சுற்றையும் முடித்துவிட்டு வந்தாள்.

"அணைச்சிட்டுப் போடு தங்கம், பாப்போம்" என்றார் மாமா.

"வேண்டாங்க."

"திங்கக்கெழம போட்டுத்தானே ஆவணும்? போடு."

அத்தை அணைத்தாள். தவளைச் சத்தம் கேட்டது. மறுபடி சாவியைத் திருப்பினாள். இருமல், ஒரு உதறல், பிறகு ஓட்டம்.

மாமா போனை எடுத்துத் தம்பியைக் கூப்பிட்டார். எஞ்சின் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்த வேண்டியிருந்தது.

"ராம்கி, நாங்க அண்ணி வண்டியில வர்றோம். அதுக்காக வேனை வேண்டாம்னு சொல்லிடாத. அதுல நீ வா. எங்களுக்குப் பின்னாலயே வா. வழியில நின்னுட்டா தள்ளறதுக்கு நாலு பேரு வேணும்ல."